மூச்சு வாங்குவதே இல்லையாம்

அன்புள்ள சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அந்த வரியை விட்டுவிட்டேன். போனிலேயே சொல்லலாமே என்பாய், உன் அப்பா பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எதைச் சொல்வது. அவர் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து எழுதுகிறேன், இப்போதெல்லாம் குளித்து வர முக்கால் மணி நேரம் ஆகிறது, நடுவில் இரண்டு தடவை ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறார்.

போன வாரம் நெஞ்சு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கணக்கெடுக்க வந்தாள். நாள்பட்ட நோய் இருக்கிற வீட்டில் என்ன செலவாகிறது, என்னென்ன முடியவில்லை, எத்தனை நாள் வேலை கெட்டது என்று ஆறு பக்கம் கேள்வி. ரொம்ப முடியாதவர்களுக்கு ஆக்சிஜன் மெஷினை வீட்டுக்கே இலவசமாகத் தருவார்களாம். மாடி ஏறுவீங்களா சார் என்றாள், தாராளமா ஏறுவேன் என்கிறார் இந்த மனுஷன். மூச்சு வாங்குமா என்றாள், வாங்குறதே இல்லம்மா என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை இருமினார். அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் போனதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்ன நியாயத்தைக் கேள், முப்பது வருஷம் டிப்போவுல பஸ் செக் பண்ணினவன் நான், ஃபாரத்துல ஒரு இன்ட்டு மார்க் விழுந்தா வண்டிய ஓரங்கட்டிடுவாங்க, எனக்குத் தெரியாதா என்றார். நீங்க என்ன பஸ்ஸா என்று கத்திவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார், எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேற்று அந்தப் பெண்ணே போன் செய்தாள், அவர் சொன்னபடி பார்த்தால் மெஷின் தருகிற பட்டியலில் பேரே வராதாம். நான் உள்ளதைச் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொல்றீங்க, மூணாவதா ஒருத்தரக் கேக்கணும், இருபதாம் தேதி உங்க பொண்ணக் கூப்பிடுறோம் என்று உன் நம்பரை வாங்கிக்கொண்டாள். உனக்கு என்னடி தெரியும், பாவம், இத்தனை நாளும் நல்லா இருக்கோம் நல்லா இருக்கோம் என்று உன்னிடம் அளந்துவிட்டதுதானே. இப்போது கேட்டுக்கொள். அப்பா மாடி ஏறி எட்டு மாதம் ஆகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாற்காலியில் சாய்ந்தபடிதான் தூக்கம். செருப்பு மாட்டிவிடுவது நான். தெருமுனைக் கடைக்குப் போனவர் பாதி வழியில் நின்றுவிட்டார், சலூன்காரர்தான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். பென்ஷனில் பாதி மருந்துக்கே சரி. பள்ளிக்கூட லைப்ரரி வேலையை நான் விட்டு ஒரு வருஷம் ஆகிறது, நீண்ட லீவு என்று உன்னிடம் சொன்னது பொய். கோபப்படு, ஆனால் அவரிடம் காட்டாதே, என்னைத் திட்டிக்கொள்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். தெரியாத நம்பர் என்று போனை வெட்டிவிடாதே. கடைசியாக, இந்த நோயால் வீட்டில் யார் யாருடைய வாழ்க்கை மாறிப்போனது என்று கேட்பார்கள். என்னைக் கேட்டபோது அப்பாவை மட்டும் சொன்னேன், என்னைச் சொல்ல வாய் வரவில்லை. நீ என்னையும் சேர்த்துச் சொல்.

உன் அம்மா