கலாவுக்குச் சொல்லாத ஏழு வினாடி

ஆகஸ்ட் 2, சனி

காலையிலேயே புழுக்கம். மேகம் மட்டும், மழை இல்லை. ட்ராக்கில் முதல் பயிற்சி நாள்.

எடுத்துப்போனவை: ஜாக், காற்று கேஜ், பிரேக் ஆயில் இரண்டு பாட்டில், டேப், தண்ணீர் கேன், லெமன் சாதம். மறந்தது: வீல் ஸ்பேனர். கூட வந்த நண்பன் லாரன்ஸின் வேனில் ஒன்று இருந்தது, பிழைத்தோம்.

இரண்டு வருட வேலை இந்த வண்டி. வாங்கும்போது பழைய ஹேட்ச்பேக், கதவு கூடச் சரியாக மூடாது. பின் சீட், கார்பெட், ஏ.சி., ரேடியோ எல்லாம் கழற்றி எடை குறைத்தாயிற்று. உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, வண்டி உருண்டால் தலை தப்ப. அது லாரன்ஸின் வெல்டிங். ஸ்பிரிங் மாற்றி உயரம் குறைத்தது, பிரேக், எஞ்சின் எல்லாம் நான். ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்ததும் நேராக வடக்குப்பட்டில் அவன் ஷெட்டுக்கு. 17ஆம் தேதி அமெச்சூர் ரேஸ். ஓட்டுபவர் என்று எழுதிக்கொடுத்திருப்பது என் பெயர்.

எட்டு சுற்று ஓட்டினேன். நல்ல சுற்று என்றால் 2 நிமிடம் 28. திருப்திதான்.

மதியம் கலாவை நாலு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். நானே சொன்னது. அவளுக்கும் ரேஸ் லைசென்ஸ் உண்டு. கணவன் மனைவி மாறி மாறி ஓட்டலாம் என்று போன வருடம் சேர்ந்தே வகுப்புக்குப் போனோம், பிறகு ரேஸில் அந்தப் பிரிவே இல்லாமல் போய்விட்டது. சீட் என் உயரத்துக்குப் பூட்டியது. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டாள்.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். ஆறு வருடமாக, உடையும் சரக்கு. டயர் கிறீச்சிடவே இல்லை. மெதுவாகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஸ்டாப்வாட்சில் 2.21. அடுத்த சுற்று, மறுபடி 2.21.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தாள். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு.

"எவ்ளோ?"

"ரெண்டு இருபத்தெட்டு. என்னுது மாதிரியேதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. இன்னும் வேகமாகப் போன மாதிரி இருந்ததே என்றாள். வாட்சில் இருந்த நேரத்தை அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வாலாஜாபாத்தில் மாமியார் வீடு. நாலு வகைச் சாதம். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. தெருமுனை வரை மூன்று முறை நடந்தேன்.

கலா காலண்டர் தாளின் பின்பக்கம் ட்ராக்கை வரைந்து வைத்திருக்கிறாள். எந்த இடத்தில் நேரம் போகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்கேயும் போகவில்லை, அதுதான் உண்மை. முதல் வளைவில் சீக்கிரமே பிரேக் அடிக்கிறாய், இன்னும் கொஞ்சம் உள்ளே போய் அடி என்றேன். பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

ஒரு பொய்க்கு இன்னொன்று.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மதிய ஷிஃப்ட். தகடு அழுத்துகிற ப்ரெஸ் லைன் நாற்பது நிமிடம் நின்றது. சென்சார். சூப்பர்வைசர் என் தலைமேலேயே நின்றார். அவர் பேசியது எதுவும் காதில் விழவில்லை. ஏழு வினாடி. நானும் அவளும் சேர்ந்து ஓடினால் அவள் முடிக்கும்போது நான் கண்ணுக்கே தெரியமாட்டேன்.

கலாவுக்கு இந்த வாரம் காலை ஷிஃப்ட். வாசலில் பார்த்துக்கொள்வதோடு சரி. ஃப்ரிட்ஜ் கதவில் அந்த ட்ராக் தாள். தினமும் புதிதாக ஒரு குறி.

செய்யவேண்டியது: முன் டயர் மாற்றிப் போட, பேட்டரி கிளாம்ப் இறுக்க, நம்பர் ஸ்டிக்கர். அப்புறம் கலாவிடம் சொல்ல. கடைசியாக எழுதியதை அடித்துவிட்டேன். மறுபடி எழுதுகிறேன். சொல்ல.

ஆகஸ்ட் 9, சனி

எழுத்து கோணல்.

இரண்டாம் பயிற்சி நாள். கலாவின் மூன்றாவது சுற்று. முதல் வளைவுக்கு வரும்போதே தெரிந்துவிட்டது, இன்னும் பிரேக் அடிக்கவில்லை. அடித்தபோது பின்பக்கம் சுழன்றுவிட்டது. ஜல்லியில் இறங்கி, புழுதி, டயர் சுவரில் இடித்த சத்தம். சிவப்புக் கொடி.

ஓடினேன். எவ்வளவு தூரம் என்று தெரியாது. லாரன்ஸ் பின்னால் கத்திக்கொண்டே வந்தான்.

நான் போய்ச் சேர்வதற்குள் இறங்கி நின்றிருந்தாள். தோளில் பெல்ட் பதிந்த தடம், இடது மணிக்கட்டில் வீக்கம். எலும்புக்கு ஒன்றும் இல்லை என்றார் ட்ராக் டாக்டர். கூண்டு அசையவில்லை. முன்பக்கம் இடது மூலை போச்சு.

வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மன்னிச்சுடு சேகர். ஒடச்சிட்டேன்."

என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்கிறாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சொல்லிவிட்டேன். காலை எட்டு மணி, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ போன வாரம் ஓட்டுனது இருபத்தெட்டு இல்ல."

"அப்ப எவ்ளோ?"

"ரெண்டு இருபத்தொண்ணு."

"ரெண்டு சுத்தும்?"

"ரெண்டும்."

பக்கெட்டில் இருந்த மீதித் துணியையும் ஒவ்வொன்றாகப் போட்டாள். வலது கையால் மட்டும். கிளிப் போட நான் போனபோது வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"உள்ள போய் பிரேக் அடின்னு சொன்னியே. அதுவும் சும்மாவா?"

ஆமாம் என்றேன்.

"செவுத்துல மோதசொல்ல இன்னா நெனச்சேன் தெரியுமா? என்னிய பத்தி இல்ல. ரெண்டு வருசமா நீ பண்ணத ஒடைக்கிறேனேன்னு நெனச்சேன்."

கத்தியிருந்தால் தேவலை. பத்து மணி பஸ்ஸில் வாலாஜாபாத் போய்விட்டாள். வேலைக்கு அங்கிருந்தே போய்க்கொள்வாளாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் தூறல். ஷிஃப்டுக்கு முன் ஷெட். ரேடியேட்டர் தாங்கி வளைந்திருக்கிறது, சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்ம் மாற்றவேண்டும், ஃபெண்டர் கிழிசல். லாரன்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"வண்டிய நான் நிமித்திக் குடுத்துர்றேன். மத்தத நீதான் பாத்துக்கணும்," என்றான். மறுபடி கிரைண்டர்.

ரேஸ் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஓட்டுபவர் பெயரை வியாழன் ஐந்து மணி வரை மாற்றலாம். டாக்டர் சான்றும் புதியவரின் கையெழுத்தும் நேரில் வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

கலா போன் செய்தாள். மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டதாம். ரேடியேட்டர் தப்பித்ததா என்று கேட்டாள். தப்பித்தது என்றேன். பெயர் மாற்றுகிற விஷயத்தைச் சொன்னேன்.

"பாவம் பாத்துக் குடுக்கிறியா?"

"இல்ல. நீதான் வேகம்."

வைத்துவிட்டாள். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பர்மிஷன் போட்டுவிட்டு மூன்று மணியிலிருந்து ட்ராக் கேட்டில். வெயில். செக்யூரிட்டி இரண்டு முறை யாருக்காக என்று கேட்டார். நாலு மணிக்கு டீ. நாலரைக்கு இன்னொரு டீ. ரோட்டில் போகிற கம்பெனி பஸ்ஸை எல்லாம் எண்ணினேன்.

நாலு நாற்பதுக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கிடங்கு யூனிஃபார்ம், கையில் டாக்டர் சான்று. கையெழுத்துப் போட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வந்ததும், "சீட்ட முன்னாடி தள்ளணும். தலவாணி வெச்சிகினு ரேஸ் ஓட்ட முடியாது," என்றாள். அடுத்து வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. ஏழு மணிக்கு ஷெட். கலா ஒன்பதுக்கு வந்தாள்.

சீட் கழற்றி, தரையில் புதிதாக நாலு துளை, அடியில் தகடு வைத்து போல்ட். பெல்ட் அவள் தோளுக்கு ஏற்ப. பிரேக் ஆயில் புதிது. பிறகு வீல் நேர் பார்க்கிற வேலை: வண்டியைச் சுற்றி நாலு ஸ்டாண்டில் நைலான் நூல் கட்டி, நூலுக்கும் ரிம்முக்கும் இடைவெளி அளப்பது. அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நாள் முழுக்க மில்லிமீட்டர் மட்டும்தான் பேசினோம். "பன்னெண்டு." "இங்க பதினாலு." "திருப்பு." "போதும்."

அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது. ஐந்து மணிக்கு அவள் அண்ணன் வந்து பைக்கில் கூட்டிப்போனான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வண்டிச் சோதனையில் கூண்டைத் தட்டிப் பார்த்தார்கள், தீயணைப்பான் தேதி பார்த்தார்கள். பாஸ். தகுதிச் சுற்றில் பன்னிரண்டு வண்டியில் ஏழாவது.

எட்டு சுற்று ரேஸ். புறப்பட்டபோது இரண்டு இடம் பின்னால் போனாள். கியர் தடுமாற்றம். முதல் வளைவில், நான் சொன்ன இடத்தில் இல்லை, அவளுடைய பழைய இடத்திலேயே பிரேக். மூச்சு வந்தது எனக்கு. அதன்பின் ஒவ்வொன்றாக. யாரையும் இடிக்காமல், உள்பக்கமாக வந்து, சத்தமில்லாமல்.

உள்ளதை எழுதவேண்டும். நாலாவது சுற்று வரை, அங்கே நான் இருந்திருக்கலாம் என்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஐந்தாவதில் முன்னால் போன இரண்டு வண்டி உரசிச் சுழல, நடுவில் நுழைந்து வெளியே வந்தாள். அப்போது நான் கத்திய கத்தலில் லாரன்ஸ் காதைப் பொத்திக்கொண்டான். உறுத்தல் எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

நாலாவதாக முடித்தாள். கோப்பை இல்லை. மூன்றாவது வண்டிக்கும் அவளுக்கும் ஒரு வண்டி நீளம்.

திரும்பி வந்தும் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வலையைக் கழற்றினேன்.

"மூணாவது கியர்ல கிளட்ச் வழுக்குது."

"பாக்குறேன்."

"கோவம் இன்னும் போவல."

"தெரியும்."

"பசிக்குது. கைய குடு, பெல்ட் சிக்கிகினு கீது."

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை ஷிஃப்ட். கம்பெனி பஸ்ஸில் எழுதுகிறேன், ஆட்டம். ஒரகடம் மேம்பாலம் தாண்டியாயிற்று. வாங்கவேண்டியது: கிளட்ச் ப்ளேட், ரிலீஸ் பேரிங், கலாவின் தோளுக்கு ஆயின்மென்ட். நான் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருந்தாள். வாலாஜாபாத்தில் இல்லை. இங்கே, எங்கள் வீட்டில்.