குருவிப் பெட்டி இருக்கட்டும்

என்னங்க,

என் தம்பி பிரவின் ஏணியோடு வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். குருவிப் பெட்டியைக் கழற்ற வேண்டாம்.

பக்கத்து வீட்டு ஆன்டி, "விடிஞ்சா கீச்சு கீச்சுன்னு, தூங்க முடியல லா" என்றதும், கழற்றச் சொல்லி நேற்று உங்கள் மேல் பாய்ந்தேன். அந்தக் கோபத்தில் இன்று காலை நீங்கள், குருவிகளைக் கூப்பிட ஸ்பீக்கரில் தினமும் போடும் உழவாரக் குருவிச் சத்தத்தைப் போடாமலே படுத்திருந்தீர்கள். வீடு என்னவோ போலிருந்தது. நானே போட்டேன், சன்னமாக. கூரையைச் சுற்றிய குருவிகளில் ஒன்று முதல் தடவையாக விர்ரென்று பெட்டிக்குள் போனது. பார்த்துக்கொண்டே நின்று வேலைக்குப் போகும் கே.எல். ரயிலை விட்டுவிட்டேன்.

ஆன்டியிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

மீன் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது.

ஷாமினி

பி.கு: குருவி சாயங்காலம் அடைய வரும். அதற்குள் நானும் வந்துவிடுவேன். பின்வாசலில் இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள்.