பத்தொன்பது ஆமென்களை வாக்குகளாக எண்ணியது குறித்து

அனுப்புநர்:
டாக்டர் பெனினா அபுயா,
பல் மருத்துவர், சியாயா.

பெறுநர்:
சங்கங்களின் பதிவாளர் அவர்கள்,
நைரோபி.

பொருள்: ஏரிக்கரைப் பல் மருத்துவச் செயற்கை நுண்ணறிவுச் சங்கத்தின் மார்ச் 14 தீர்மானத்தை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. லாப நோக்கமற்ற இச்சங்கத்தில் நான் தொடக்கம் முதல் உறுப்பினர். எக்ஸ்ரேயைப் பார்த்து நோய் சொல்லும் எந்த மென்பொருளையும் இங்குள்ள நோயாளிகளின் படங்களில் சோதித்து, உறுப்பினர்களிடம் வாக்கெடுத்த பிறகே பரிந்துரைக்க வேண்டும் என்பது விதி. அதை எழுதிய மூவரில் நானும் ஒருத்தி.

2. மார்ச் 14 காலை, சக உறுப்பினர் டாக்டர் நியாகுதியின் தாயார் காலமான செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பொருளாளர் ஒரு ஜெபத்தைப் பதிவிட்டார். அடுத்த நிமிடமே தலைவர் டாக்டர் லாபான் ரபுரு, ஒரு மென்பொருளைச் சோதனையின்றிப் பரிந்துரைக்கும் தீர்மானத்தை அதன் கீழே போட்டார். துக்க வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை யாரும் படிக்கவில்லை. வழக்கம்போல ஜெபத்துக்கு ஆளாளுக்கு ஆமென் எழுதினோம். நடவடிக்கைக் குறிப்பில் அவை பத்தொன்பது ஆதரவு வாக்குகள். தாயை இழந்தவர் எழுதிய "நன்றி" இருபதாவது வாக்கு.

3. மே மாதம் குறிப்பின் நகல் கிடைத்ததும் தலைவரிடம் நேரில் கேட்டேன். "ஆமென்னா 'அப்படியே ஆகட்டும்'னுதானே அர்த்தம், டாக்டர்? நீங்க எழுதினதைத்தானே நான் எண்ணினேன்" என்றார். "அது செத்தவங்களுக்குச் சொன்னதுங்க" என்றேன். "அப்படின்னு அதுல எழுதலையே" என்று சிரித்தார். செயற்குழுவிடம் முறையிட்டேன். செயற்குழு என்பது அவரும் அவர் நியமித்த நால்வரும்தான். என் கடிதத்துக்குப் பதிலே இல்லை.

4. ஜூன் மாதம், ஆறு வயது அக்கெலோ வீங்கிய கன்னத்தோடும் ஆடும் பல்லோடும் ஒரு சுகாதார நிலையத்துக்குப் போனாள். எக்ஸ்ரேயைப் பார்த்த அந்த மென்பொருள் "பல்வேர்ச் சீழ்" என்றது. அதைப் பரிந்துரைத்து எங்கள் சங்கம் தந்த சான்று சுவரில் மாட்டியிருந்ததால் அதை யாரும் சந்தேகிக்கவில்லை. பல்லைப் பிடுங்கி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தபோது அவளது ஒரு கண் வெளியே தள்ளியிருந்தது. எங்கள் ஏரிப் பகுதிக் குழந்தைகளின் தாடையில் மளமளவென்று வளரும் புற்றுநோய் அது. முதலிலேயே மருந்து ஏற்றியிருந்தால் பிழைத்திருக்கக்கூடும். அந்த நோயே அரிதான நாடுகளின் படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருளுக்கு அது தெரியவில்லை. ஜூலை 9 அன்று அக்கெலோ இறந்தாள்.

5. "அந்த மெஷின் நல்லதுன்னு சொன்னது யாரு, டாக்டரம்மா?" என்று அவள் தாய் ரிஸ்பா கேட்டார். நடவடிக்கைக் குறிப்பில் ஆதரித்து வாக்களித்தவர்கள் பட்டியலில் என் பெயர் ஒன்பதாவது.

6. ஆகவே அத்தீர்மானத்தை ரத்து செய்து, சுவர்களில் உள்ள சான்றுகளை உடனே அகற்ற உத்தரவிடுமாறும், தங்கள் முன்னிலையில் புதிய செயற்குழுவுக்குத் தேர்தல் நடத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சான்றை நம்பி இன்றும் குழந்தைகள் வாய் திறந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஐயா. விசாரணை முடியத் தாமதமாகுமானால், ஒன்பதாவது வாக்கையாவது இன்றே அடித்துவிடுங்கள். அக்கெலோவின் அடக்கத்தில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

இடம்: சியாயா
நாள்: ஜூலை 21

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) பெனினா அபுயா

இணைப்பு: மார்ச் 14 வாட்ஸ்அப் பதிவுகளின் நகல், நேரக் குறிப்புடன்.