உன் தம்பியின் வயது

பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் எடுத்திருக்கிறார். இன்று காலை மழையில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற என்னைப் பார்த்து, "ஏறுங்க அக்கா, வேலை எடத்துல விட்டுடறேன்" என்றார். கதவைத் திறந்ததும் அந்த வாசனை அடித்தது. சாயமும் பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த வாசனை. உன் கூந்தலில் எப்போதும் இருந்ததே, அதுதான். கார் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை நான் சொல்வேன் என்று பாவம், எதிர்பார்த்திருப்பார்.

தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில், முடிந்து வரும் கார்களின் கதவுகளைத் தடவிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது உன் வேலை. நான் ஈப்போவில் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்பவள். ஈப்போவில் நடந்த ஒரு சிறுகதைப் பட்டறையில்தான் நாம் சந்தித்தோம். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த எழுத்தாளர், தினமும் எழுதுங்கள், தெரிந்ததை எழுதுங்கள், சொல்லாதீர்கள் காட்டுங்கள், இரக்கமில்லாமல் வெட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன். நீ கையைத் தூக்கினாய்.

"சார், ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அம்மாவக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூங்க வைக்கிறப்ப நானும் தூங்கிடறேன். தினமும்னா எப்போ சார்?"

எழுத ஆசை இருந்தால் நேரம் கிடைக்கும் என்றார் அவர். தேநீர் வேளையில் என் பக்கத்தில் வந்து நின்று நீ சொன்னாய்: "நேரம் கெடைக்குமாம். எந்தக் கடையில விக்குதுன்னு சொல்லல பாரு லா." நான் சிரித்ததில் தேநீர் என் சேலையில் கொட்டியது.

அதன் பிறகு நீ எழுதியதையெல்லாம் நான் படித்தேன், நான் எழுதியதையெல்லாம் நீ படித்தாய். என் கதைகளில் விதிகள் அத்தனையும் இருந்தன. தெரிந்த கவுண்டர், தெரிந்த மருந்து, தெரிந்த நோயாளிகள். எதிலும் உயிர் இல்லை. உன் கதைகள் எல்லாமே ஈப்போவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியைப் பற்றியவை. வாயாடி, கடன் சொல்லி முடி வெட்டிக்கொள்பவர்களிடம் ஏமாறுபவன், பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பாவுக்கு முடி வெட்டிவிட்டு வந்தவன்.

ஈப்போ ரயில் நிலையத்துக்கு வெளியே ஒட்டுக்கடையில் பலகாரம் தின்றபடி உட்கார்ந்திருந்த ஒரு நாள், "எனக்கு உன் தம்பியப் பாக்கணும், கடை எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

நீ பலகாரத்தைக் கீழே வைத்தாய். "அவன் இல்லடி. ஏழு வயசுல போயிட்டான். செமோர்ல நாங்க இருந்த தோட்டத்துக்குப் பின்னால ஈயம் தோண்டின பழைய குட்டை ஒண்ணு இருந்துச்சு. குளிக்கப் போனான்."

தெரிந்ததை எழுது என்றால் நீ அந்தக் குட்டையைத்தானே எழுதியிருக்க வேண்டும் என்று மட்டும் மெல்லக் கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சது அவன் ஏழு வயசு வரைக்குந்தான். மீதிய எழுதித்தான் தெரிஞ்சுக்கணும்" என்றாய்.

உன் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு முழுதும் விளங்கியது. பக்கத்து வீட்டு மக்சிக், பகலெல்லாம் அம்மாவைப் பார்த்துக்கொண்ட அந்த மலாய்க்கார அம்மா, நீ வந்ததும் எழுந்து போனார். நீ உடை மாற்றிவிட்டு அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து புதுக் கதையைப் படித்தாய். அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். "அவன் சின்னதுலேயே அப்படித்தான்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

சமையலறையில் நீ சொன்னாய். "அவன் செத்தத மறந்துட்டாங்க. எங்க எங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. மொதல்ல உண்மையச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் புதுசா அழுதாங்க. அப்புறந்தான் அவனுக்கு ஒரு கடை வச்சுக் குடுத்தேன்."

சொல்லாதே, காட்டு என்பதைப் பற்றியும் அன்று பேசினோம். அம்மாவிடம் அது செல்லாது என்றாய். "தம்பி கண்ணு செவந்துச்சு, கை நடுங்குச்சுன்னு படிச்சா தூங்கிடுவாங்க. தம்பிக்குக் கோவம்னு சொன்னாத்தான் முழிச்சிக்கிட்டு, யாரு மேலன்னு கேப்பாங்க." ஆனால் வெட்டச் சொன்னதை மட்டும் நீ விடவில்லை. அம்மா கொட்டாவி விட்ட இடத்தையெல்லாம் வெட்டினாய். அந்த எழுத்தாளரை எப்போதாவது பார்த்தால் அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து வேலைக்குப் போனாய். டெங்கி என்று தெரிந்தபோது உன்னால் நிற்க முடியவில்லை. மருத்துவமனையில் உன் கை சுட்டது. தம்பிக்குக் கல்யாணமாகி, மனைவிக்கு ஏழாம் மாதம் என்பதோடு கதை நின்றிருந்தது. "எழுந்து வந்து பிரசவம் பாக்கணும் லா" என்றாய். நானும் சிரித்தேன். மறுநாள் நீ இல்லை.

அம்மாவை உன் சித்தி செமோருக்கு அழைத்துக்கொண்டார். செத்துப்போனவள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. உண்மையைச் சொன்னார். மறுநாளும் சொல்ல வேண்டியிருந்தது, அதற்கடுத்த நாளும். "என்னால முடியலம்மா, நீ வா" என்று எனக்கு ஃபோன் செய்தார்.

போனேன். அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அவ எங்க?"

"ஷிஃப்ட்டுல இருக்காம்மா."

"தம்பி பொண்டாட்டிக்குப் புள்ள பொறந்துச்சா?"

சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். நீ எழுதாமல் விட்டுப்போன இடம் அது. தம்பியின் வீடு எனக்குத் தெரியாது, அவன் குடும்பத்தை நான் பார்த்ததேயில்லை. பட்டறையில் கேட்டவற்றில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறந்துச்சும்மா. பொம்பளப் புள்ள. சுகப்பிரசவம்."

"என்ன பேரு வச்சாங்க?"

உன் பெயரைச் சொன்னேன். வேறு பெயர் எதுவும் என் வாயில் வரவில்லை.

அம்மா அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இன்னொருமுறை சொன்னார். பிறகு ஏனென்று அவருக்கே தெரியாமல் அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்று அவரே கடைசியில் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னார். ஆமாம்மா என்றேன்.

உன்னைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்கிறார்கள். உட்கார்ந்தால், துக்கம் என்ற சொல்லை எழுதாமல் துக்கத்தைக் காட்ட ஏதாவது வழி உண்டா என்று மனம் தேடுகிறது. எனக்குத் துக்கமாக இருக்கிறது. இதை இப்படித்தான் சொல்ல முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் செமோருக்குப் போகிறேன். அம்மாவுக்கு அடுத்து என்ன சொல்வதென்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போவேன். போன வாரம் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது. தம்பியின் விரலைக் கடித்துவிட்டாள்.