நேசன் அண்ணையின் மொட்டை

பெப். 3, செவ்வாய்

மைனஸ் பதினெட்டு. கார் ஸ்ராட் ஆகவில்லை, பஸ். கசினோ வாசலில் எட்டு மணி நேரக் காவல். இடது முழங்கால் வீக்கம். எண்ணெய் வாங்க வேண்டும்.

இங்கிலாந்திலிருந்து புது மனேஜர், கெவின். வருகிறவர்களை நாங்கள் 'கெஸ்ற்' என்றுதான் சொல்ல வேண்டும். இவன் வாய் திறந்தால் 'பண்டர்'. சாப்பாட்டு நேரம் அர்த்தம் கேட்டேன். குதிரைக்குக் காசு கட்டுகிறவன். கடைக்குச் சாமான் வாங்க வருகிறவன். நாடகத்துக்கு ரிக்கெற் எடுத்தவன். விலைமாதிடம் போகிறவன். எத்தன் கண் வைத்த ஆள். அவன் ஊரில் எல்லாருக்கும் அந்த ஒரே சொல்லாம்.

உங்கள் மொழியில் என்ன என்றான். பஸ்ஸில் யோசித்தது:

வாடிக்கையாளர் – வங்கிக் கடிதத்தில் மட்டும்.
சூதாடி – தருமர் காலத்துச் சொல். முகத்துக்கு நேரே யாரையும் சொல்ல முடியாது.
கடதாசி விளையாடுகிறவர் – நத்தார், வருசப்பிறப்புக்கு வீட்டில் சீட்டுப் போடுகிறவர். மரியாதைக்குக் குறைவில்லை.
ஆக்கள் – ஊரில் கடைக்காரர் சொல்வது. "இண்டைக்கு ஆக்கள் குறைவு." இதுதான் சரி.

பெப். 9, திங்கள்

லீவு. ஆனாலும் வேலையிடத்துக்குப் போனேன், நேசன் அண்ணையையும் அவர் மனைவி மலர் அக்காவையும் கூட்டிக்கொண்டு. 'என்னை உள்ளே விடாதீர்கள்' என்று விளையாடுகிறவரே கையெழுத்து வைக்கிற படிவம். மொழிபெயர்ப்பு நான். கனடாவுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் தன் ஒற்றை அறையில் எனக்கு எட்டு மாதம் படுக்க இடம் தந்த மனிதர். இப்போது விட்பி வீட்டை இரண்டாம் தரமும் ஈடு வைத்துவிட்டார்.

படிவத்தில் சூதாட்டம் என்று வந்த இடமெல்லாம் விளையாட்டு என்று வாசித்தேன். வாய் வரவில்லை. பிறகு அண்ணையைப் படம் எடுத்தார்கள். அடர்ந்த தலைமயிர், பெரிய மீசை. இனி வந்தால் வாசல் கமரா முகத்தை இந்தப் படத்தோடு ஒத்துப் பார்த்துக் காட்டிக்கொடுக்கும்.

காரில் ஏறும்போது அக்கா: "கமராவை நான் நம்பேல்லை தம்பி. நீ வாசல்ல நிக்கிறாய், அதுதான் நிம்மதி."

பெப். 20, வெள்ளி

அக்கா போன். அண்ணை நேர்த்தி வைத்தாராம். சலூனில் மொட்டை, மீசையும் எடுத்து, நேரே றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில். இனித் தொடமாட்டேன் என்று சத்தியம். அழுதாராம். படிவத்தைவிடப் பிள்ளையாரில் அக்காவுக்கு நம்பிக்கை. எனக்கும் கொஞ்சம் வந்தது.

பால், பாண், எண்ணெய் (மறந்தது).

பெப். 24, செவ்வாய்

பனி. காலை பதினொரு மணி. தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு மொட்டைத் தலை உள்ளே வந்தது. கமரா வாயே திறக்கவில்லை. படத்தில் இருக்கிறவர் வேறு, வந்தவர் வேறு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

எனக்கு அடையாளம் தெரிந்தது. அவருக்கும் அது தெரிந்தது. கிட்ட வந்து மெல்ல: "இண்டைக்கு மட்டும் தம்பி. விட்டதை எடுத்திட்டுப் போயிடுவன். நீ என்னைக் காணேல்லை."

ரேடியோவில் சொன்னால் இரண்டு பேர் வந்து கையைப் பிடித்து வெளியே கொண்டுபோவார்கள், எல்லாரும் பார்க்க. நேசன் அண்ணையை. என்னால் முடியவில்லை. திரும்பி நின்று கண்ணாடிக்கு வெளியே பனியைப் பார்த்தேன்.

பின்னேரம் அக்கா போன். அங்கே வந்தவரா என்று கேட்டார். இல்லை என்றேன். ச்சீ.

மார்ச் 5, வியாழன்

என் ஷிப்ற் நாட்களைப் பாடமாக்கி வைத்திருக்கிறார். இந்தக் கிழமை மூன்று தரம். இன்று எனக்குக் கோப்பி வாங்கி வந்தார். குடித்தேன். வெட்கமில்லை எனக்கு.

கெவின் அவரைக் காட்டி, அருமையான பண்டர் என்றான். எவ்வளவு தோற்றாலும் சத்தம் போடாதவராம். தலையாட்டினேன்.

அடுத்த முறை மறிப்பேன். போன கிழமையும் இதைத்தான் நினைத்தேன்.

மார்ச் 19, வியாழன்

அக்கா போன். இந்த முறை கேள்வி இல்லை. விட்பி வீடு போய்விட்டது, மாத முடிவுக்குள் விட வேண்டும். மகள் வீட்டு பேஸ்மென்ற்றுக்குப் போகிறார்கள். "வேற எங்கையோ போய் விளையாடியிருக்கிறார் தம்பி. உன்ர இடத்துக்கு வந்திருந்தால் நீ விட்டிருக்கமாட்டாய்."

ஓம் அக்கா என்றேன்.

சமைத்தது அப்படியே இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

மழை. வந்தார். வழக்கம்போலத் தலையசைத்துவிட்டுத் தாண்டினார். ரேடியோவை எடுத்துச் சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள். அண்ணை இழுபறிப்படவில்லை.

கெவினுடைய அறை. தடைக் கடிதத்தைத் தமிழில் வாசிக்கச் சொன்னான். ஒரு பக்கம்தான். அண்ணை மேசையைப் பார்த்தபடி முழுவதும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"முதல் நாள் நீ இப்பிடி மறிச்சிருந்தால் வீடு மிஞ்சியிருக்கும் தம்பி."

என்ன சொல்கிறார் என்று கெவின் கேட்டான்.

கடிதம் விளங்கிவிட்டதாம் என்றேன்.