பலகையில் இருக்கும் கை

பாசமுள்ள அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. பஸ் ஸ்டாண்டு முக்கில் மட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கிறாய். ஆஸ்பத்திரி விளம்பரப் பலகையில், ரோபோ கையுறை மாட்டி, டம்ளரைப் பிடித்தபடி. 'பக்கவாதத்தை வென்ற கை' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அந்தப் படம் எடுத்த அன்றைக்கு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா அண்ணே? பிசியோ பொண்ணு முதலில் அந்தக் கையுறை மெஷினை வேறு மாதிரிதான் வைத்திருந்தாள். நீயாக விரலை அசைக்கப் பார்க்க வேண்டும். அதுவரை மெஷின் சும்மா காத்திருக்கும், பிறகுதான் துணைக்கு வரும். வேர்த்து விறுவிறுக்க நீ முயன்றாய். பெருவிரல் லேசாக அசைந்தது. "அண்ணாச்சி, இது நீங்களா அசைச்சது," என்றாள். அன்றைக்குத்தான் நீ வாய்விட்டுச் சிரித்தாய்.

அப்போதுதான் மேனேஜர் கேமராக்காரனோடு வந்தார். "இப்படி அசைஞ்சா வீடியோல என்ன தெரியும்? மெஷினே முழுசா மடக்குத மாதிரி வைம்மா," என்றார். அவள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. உன் கை டம்ளரைப் பிடித்தது, விட்டது, மறுபடியும் பிடித்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். சீ, என்ன மனுஷர்களோ.

துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவன் நீ. குழறிய வாயால் என்னிடம் சொன்னாய்: "ஏளா, இதுல நான் ஆப்பரேட்டர் இல்ல. சரக்கு."

பிறகு எப்போதும் அப்படியேதான் வைத்தார்கள். அப்படி வைத்தால் பயிற்சி சீக்கிரம் முடிகிறதாம். நீ முயல்வதையே விட்டுவிட்டாய். இன்னொரு பக்கவாதம் வந்து உன்னைக் கொண்டுபோனது. மெஷினைக் காத்திருக்க விட்டிருந்தால் அந்தக் கை எதுவரைக்கும் வந்திருக்கும்?

நேற்று தருவைகுளத்திலிருந்து ஒருத்தி வீடு தேடி வந்தாள். புருஷனுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டதாம். பலகையில் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, விசாரித்து வந்திருக்கிறாள். "அக்கா, அண்ணாச்சி இப்ப எப்படி இருக்காவ? கை பழையபடி வந்துட்டா? எங்க வீட்டுக்காரரையும் அங்கனதான் சேத்திருக்கு," என்றாள். மாலை போட்ட உன் படம் அவள் தலைக்கு நேர் மேலே தொங்கியது.

நான் படத்தைக் கைகாட்டினேன். திரும்பிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அந்த மெஷின் பொய்யாக்கா?"

"மெஷின் பொய் இல்லளா. அதைக் காத்திருக்க விடமாட்டக்காங்க, அதுதான்."

திங்கட்கிழமை அவளோடு நானும் போகிறேன் அண்ணே. அந்த மனுஷன் தானாக விரலை அசைக்கும்வரை மெஷின் பேசாமல் இருக்கவேண்டும். எவ்வளவு நேரமானாலும் சரி. பலகையிலிருந்து உன்னை இறக்காமலும் விடமாட்டேன். மேனேஜர் மறுபடி கேமராவோடு வந்தால், குறுக்கே நின்றுகொள்வேன்; படம் பிடிக்க அவருக்கு என் முதுகுதான் கிடைக்கும். இது சத்தியம்.

'ஏளா' என்று கூப்பிட ஆளில்லாத உன் தங்கச்சி,
பேச்சியம்மாள்