மிஸ்ஸுக்காக என்று அச்சடித்த சட்டை

என் ஜெசிந்தா அக்காவுக்கு,

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு நீ பயிற்சி கொடுத்த பிள்ளைகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நம் சாரம் பகுதியில் அதே மைதானம், பத்து வயதுக்குட்பட்டவர்களின் அதே கால்பந்துக் குழு. விசில் ஊதுகிறேன், கூம்புகளை அடுக்குகிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்த அப்பாவிடம் நீ பிடித்துக்கொண்ட, ஓடு ஓடு என்று விரட்டும் "அலே, அலே" மட்டும் என் வாயில் வருவதில்லை.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனவள் நீ. மிஸ் ஏன் திரும்பி வரவில்லை என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், அக்கா?

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். நல்ல சேதி இல்லை.

போன மாதம் ஒரு போட்டி வந்தது. நம் கேப்டன் பையனின் அப்பா சேகர், எல்லோருக்கும் புதுச் சட்டை அடித்துக்கொண்டு வந்தார். நெஞ்சில் உன் படம். கீழே, 'மிஸ்ஸுக்காக ஜெயிப்போம்'. உன்மேல் அவருக்குப் பிரியம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அவர் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

"மிஸ் மேலேருந்து பாத்துக்கிட்டிருக்காங்க. தோத்தீங்கன்னா அழுவாங்க, தெரியுமில்ல?"

"சின்னப் புள்ளைங்க சார், அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்றேன்.

"ஒரு வேகம் வரட்டும்னுதான் மேடம்."

ஆட்டம் சமனில் முடிந்தது. பெனால்டிக்குப் போனார்கள். கடைசி உதை நம் ரித்திகாவுடையது. குருசுக்குப்பத்திலிருந்து வருவாளே, எட்டு வயசு, பந்தை விட்டுவிட்டு நாய்க்குட்டியைத் துரத்துவாளே, அவள். பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அவ்வளவுதான். சேகர் திரும்பிக்கொண்டார். அவர் மகன்தான் அவளிடம் போய் மெதுவாகச் சொன்னான்: "நீதான் மிஸ்ஸ அழ வச்சிட்ட." அவனை என்ன சொல்வது? பெரியவர் சொன்னதை அவன் நம்பினான்.

அடுத்த வாரம் ரித்திகா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கலா வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்.

"சோறு எறங்கல மேடம். ஸ்கூலுக்கும் போவ மாட்டேங்குது. அந்தச் சட்டைய குப்புறப் போட்டு வெச்சிருக்கு. திருப்பினா கத்துது, மிஸ் பாக்குறாங்களாம்."

உள்ளே ரித்திகா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"மிஸ் இன்னும் அழுவுறாங்களா?"

இல்லை என்று சொல்ல நான் யார்? நீ எங்கே இருக்கிறாய் என்றே எனக்குத் தெரியாதே. தெரிந்ததை மட்டும் கேட்டேன்.

"மிஸ் இருந்தப்ப நாம தோத்திருக்கோமில்ல? அப்ப என்ன கேட்டாங்க?"

யோசித்தாள். "தண்ணி குடிச்சியான்னு."

"வேற?"

"முட்டில அடிபட்டுச்சான்னு."

"அழுதாங்களா?"

தலையை ஆட்டினாள், இல்லையென்று. ஆனால் அவள் முகம் தெளியவில்லை, அக்கா. இருந்தவரைக்கும் அழாதவர்கள் செத்த பிறகு அழலாம் என்று நினைக்கிறாளோ என்னவோ. ஒரு பேச்சில் இறக்கிவைக்கிற பாரமா அது?

சேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பாப்பாவ வரச் சொல்லுங்க மேடம், அடுத்த தடவ ஜெயிச்சிட்டா எல்லாம் சரியாப் பூடும்" என்றார். அவருக்கு இதைவிட எப்படிப் புரியவைப்பது? உனக்காவது தெரிந்திருக்கும்.

சட்டைகளை எல்லாரிடமிருந்தும் வாங்கி வைத்துவிட்டேன். இரண்டு குடும்பம் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய்விட்டது. போகட்டும்.

ரித்திகா இன்னும் மைதானத்துக்கு வரவில்லை. இனி வருவாளா என்றும் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் பயிற்சி முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகிறேன். பந்தைக் கொண்டுபோவதில்லை. போன வாரம் அரை இட்லி சாப்பிட்டாள். கலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

அவள் ஆட வந்தாலும் வராவிட்டாலும் நான் போய்க்கொண்டிருப்பேன், அக்கா. இனி எந்தக் குழந்தையிடமும் உன் பேரைச் சொல்லி எதையும் கேட்க மாட்டேன். யாரையும் கேட்க விடவும் மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
ஸ்டெல்லா